ஜான் ஹெர்ஷல் உருவப்படம், 1867: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்புப் பின்னணி. நரைத்த தலைமுடி நாலாபக்கமும் சிலிர்த்து நிற்க, கழுத்துவரை இருண்ட துணி போர்த்திய ஒரு முதியவரின் முகம். வேதியியல் வரலாற்றையோ புகைப்பட வரலாற்றையோ புரட்டியவர்கள் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். படத்தில் இருப்பவர் சர் ஜான் ஹெர்ஷல். எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். படம் எப்படி உருவானது, பிரதியை எப்படி அடையாளம் காண்பது, அதே முறையை இன்று கையில் எடுத்தால் எங்கெங்கே சறுக்கும் என்று வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஹெர்ஷல் வானியலாளர் அல்லவா? வேதியியலாளர் பட்டியலில் எப்படி வருகிறார்?

இரண்டும்தான். யுரேனஸைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் என்பதால் வானியல் பெயர் முன்னே நிற்கிறது. தந்தை படத்தையும் மகன் படத்தையும் மாற்றிப் போடும் தவறும் அதனால்தான் ஓயாமல் நடக்கிறது. வில்லியம் 1822-இல் இறந்துவிட்டார். அவருக்குப் புகைப்படமே கிடையாது, இருப்பவை ஓவியங்கள்தான்.

ஜான் 1819-இலேயே, அப்போது ‘ஹைப்போசல்ஃபைட்’ என்று அழைக்கப்பட்ட தயோசல்ஃபேட் உப்புகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். தண்ணீரில் கரையாத சில்வர் குளோரைடு, இந்த உப்பின் கரைசலில் சர்க்கரை போலக் கரைந்துவிடுகிறது என்பது அதில் ஒரு முடிவு. இருபது ஆண்டுகள் அது யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. 1839 ஜனவரியில் பாரிஸில் டாகெர் என்பவர் கேமராவில் படம் பிடித்துவிட்டார் என்ற செய்தி வந்ததும், ஹெர்ஷல் தன் பழைய உப்பை எடுத்துச் சோதித்தார். சில நாட்களிலேயே, ஒளி படாத வெள்ளி உப்பைக் கழுவி நீக்கிப் படத்தை நிலைநிறுத்திக் காட்டினார். இங்கிலாந்தில் தாளில் படம் பதிக்கும் முறையைத் தேடிக்கொண்டிருந்த ஃபாக்ஸ் டால்பட் பிப்ரவரி 1 அன்று அவரைப் பார்க்க வந்தபோது அதை நேரில் கண்டார். ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களின் இருட்டறையில் இருந்த ‘ஹைப்போ’ தொட்டி இதுதான். 1842-இல் இரும்பு உப்புகளைக் கொண்டு சயனோடைப் என்னும் நீலப்படிவ முறையையும் அவரே கண்டுபிடித்தார்.

ஆக, 1867-இல் கேமராவுக்கு முன் உட்கார்ந்தவரின் சொந்த வேதியியல் இல்லாவிட்டால் அந்தப் படத்தின் தாள் பிரதி வெளிச்சத்துக்கு வந்ததுமே கறுக்கத் தொடங்கியிருக்கும். எங்கள் பார்வையில் இந்தப் படத்தை ‘வேதியியலாளர் உருவப்படம்’ என்று சொல்ல இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எங்கே, எப்போது எடுத்தது?

1867 ஏப்ரலில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹாக்ஹர்ஸ்ட் ஊரில் இருந்த காலிங்வுட் என்ற ஹெர்ஷலின் வீட்டில். அவருக்கு அப்போது வயது 75. கேமரன் வசித்தது வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில். கேமரா, கண்ணாடி, வெள்ளிக் குளியல் (கண்ணாடியை ஒளி உணரச் செய்யும் வெள்ளி உப்புக் கரைசல்), மருந்துகள் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஹெர்ஷல் வீட்டுக்கு வந்துதான் எடுத்தார்.

இருவருக்கும் எப்படிப் பழக்கம்?

கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போனபோது, 1836-இல், அங்கே தென்வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெர்ஷலைச் சந்தித்தார். 1842-இல் ஹெர்ஷல் கல்கத்தாவுக்குச் சில புகைப்பட மாதிரிகளை அனுப்பிவைத்தார். ஆனால் கேமரன் கையில் கேமரா வந்தது 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. அப்போது அவருக்கு 48 வயது. நிலக்கரி அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோவாகவும் மாற்றிக்கொண்டார்.

படம் ஏன் மங்கலாக இருக்கிறது? ஃபோகஸ் தவறிவிட்டதா?

இந்தக் கேள்வியை அந்தக் காலத்து விமர்சகர்களே கேட்டார்கள், கொஞ்சம் கடுமையாகவே. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

1866 முதல் கேமரன் பயன்படுத்தியது 15 × 12 அங்குலக் கண்ணாடிப் பிளேட் பிடிக்கும் பெரிய கேமரா. அதில் டால்மேயர் நிறுவனத்தின் ரேபிட் ரெக்டிலீனியர் லென்ஸ். குவியத் தூரம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ., துளை எஃப்/8. லென்ஸின் திறந்த விட்டம் மட்டும் 95 மி.மீ. வரும். முகத்தை உண்மை அளவில் சுமார் 0.6 பங்காகப் பிளேட்டில் விழச் செய்தால், லென்ஸ் முகத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டரில் நிற்க வேண்டும். பிளேட் லென்ஸுக்குப் பின்னால் 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த நிலையில் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றரை செ.மீ. அளவுதான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனியும் காதும் கரைந்தே தீரும். பெல்லோஸ், அதாவது லென்ஸையும் பிளேட்டையும் இணைக்கும் மடிப்புக் கூண்டு, அவ்வளவு நீண்டதால் வெளிச்சமும் குறைகிறது. எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/13 போல வேலை செய்யும். வெளிச்ச நேரம் இரண்டரை மடங்கு ஏறும்.

அடுத்தது அசைவு. கொலோடியன் என்ற கூழ் பூசிய பிளேட்டின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 1 அல்லது அதற்கும் கீழே. சன்னல் வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்து எடுத்த கேமரனின் படங்களுக்கு நிமிடக்கணக்கில் ஆனது உண்டு. மற்ற ஸ்டுடியோக்கள் தலையை அசையாமல் பிடிக்க இரும்புக் கவையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தும். கேமரன் படங்களில் அந்த விறைப்பு இல்லை. மூச்சு விடுவதுகூடப் பதிந்துவிடும்.

மீதி பாதி, அவருடைய முடிவு. ஃபோகஸ் திருகைச் சுழற்றும்போது எந்த இடத்தில் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவேன் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 1864 கடைசியில் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்றும் கேட்டிருக்கிறார். எனவே ‘தெரியாமல் எடுத்துவிட்டார்’ என்பதும் ‘எல்லாமே திட்டமிட்ட கலை’ என்பதும் இரண்டுமே மிகை.

முடி ஏன் அப்படி ஒளிர்கிறது?

தலையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று கேமரன் கேட்டு, வெள்ளை முடியைக் கலைத்து உப்ப விட்டார் என்பது இந்தப் படத்தோடு சேர்ந்தே வழங்கும் செய்தி. எண்ணெய் இல்லாத நரைமுடி நீல ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கொலோடியன் நீலம், ஊதா, புற ஊதாவை மட்டுமே உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. ஆகவே முடி வெளுத்து நிற்க, சிவந்த தோல், சுருக்கம், புள்ளி எல்லாம் நேரில் இருப்பதைவிடக் கறுத்து விழும். கன்னத்தில் நரைத்த மயிர்முள் ஒவ்வொன்றாகத் தெரிவதும் இதனால்தான். நீலக் கண் உள்ளவர்கள் இந்த முறையில் பேய் போல வெளிறிப்போவார்கள்.

பிளேட் எப்படித் தயாரிக்கப்பட்டது?

முறையின் பெயர் ஈரக் கொலோடியன். ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்டது. இன்றும் அதே வரிசையில்தான் செய்கிறார்கள். கீழே உள்ள அளவுகள் இன்று 4 × 5 அங்குலப் பிளேட்டில் பழகுபவர்களுக்கு.

முதலில் கண்ணாடி. விளிம்பைச் சாணைக் கல்லில் உரசி முரடாக்க வேண்டும். சுண்ணத்தூளையும் ஆல்கஹாலையும் குழைத்துத் தேய்த்து, துளி அழுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். மூச்சை ஊதினால் ஆவி சீராகப் படிந்து சீராக மறைய வேண்டும். திட்டுத்திட்டாக மறைந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

கொலோடியன் என்பது நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கூழ். அதில் அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்ந்து 100 மி.லி.க்கு 1 முதல் 1.5 கிராம் இருக்கும், அயோடைடு கூடுதலாக. சுமார் 15 மி.லி. நடுவில் ஊற்றி, பிளேட்டைச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, கடைசி மூலையிலிருந்து மிச்சத்தைப் பாட்டிலுக்குத் திருப்ப வேண்டும். மூலையை விரலால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

உடனே வெள்ளிக் குளியல்: 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 9 கிராம் சில்வர் நைட்ரேட், நைட்ரிக் அமிலம் சொட்டு விட்டு பிஎச் 4 அளவுக்குக் கொண்டுவந்தது. மூன்று நான்கு நிமிடம். வெளியே எடுக்கும்போது கரைசல் எண்ணெய்க் கோடுகளாக வழியாமல் ஒரே படலமாக வழிய வேண்டும். பிளேட்டைக் குளியலில் இறக்குவது முதல் இருட்டறை வேலை எல்லாம் சிவப்பு வெளிச்சத்தில்.

ஈரம் காய்வதற்குள், பத்து நிமிடத்துக்குள், படம் எடுத்து டெவலப் செய்தாக வேண்டும். காய்ந்தால் சில்வர் நைட்ரேட் படிகமாகி வேகம் விழுந்துவிடும். டெவலப்பர், அதாவது பதிந்த படத்தைக் கண்ணுக்குக் காட்டும் கரைசல்: 100 மி.லி. நீருக்கு ஃபெரஸ் சல்ஃபேட் 3–4 கிராம், அடர் அசிட்டிக் அமிலம் 4 மி.லி., ஆல்கஹால் 4 மி.லி. சுமார் 30 மி.லி.யை ஒரே வீச்சில் பிளேட்டின் ஓரத்திலிருந்து பரவவிட்டு, கீழே சிந்தாமல் ஆட்ட வேண்டும். நிழல் பகுதியில் விவரம் எட்டிப்பார்த்ததும் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஹைப்போவில் தெளியவைத்து, கழுவி, உலர்த்தி, சூடாக்கி, சாண்டரக் பிசினும் லாவெண்டர் எண்ணெயும் கலந்த வார்னிஷ் பூச வேண்டும்.

கேமரன் பிளேட்டின் பரப்பு இந்த 4 × 5-ஐப் போல ஒன்பது மடங்கு. அவ்வளவு பெரிய கண்ணாடியில் கூழை நடுங்காமல் ஓடவிடுவது எவ்வளவு சிரமம் என்பது ஒருமுறை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

செய்யும்போது என்னென்ன கெடும்?

பிளேட் முழுக்கச் சாம்பல் பூத்தால் முதல் சந்தேகம் வெள்ளிக் குளியல்மேல் விழ வேண்டும்: அமிலம் குறைந்திருக்கும், அல்லது கரிமக் கசடு சேர்ந்திருக்கும். பிஎச் பாருங்கள், பிறகு குளியலை வெயிலில் வைத்துக் கசடைக் கறுக்கவிட்டு வடிகட்டுங்கள். அப்புறமும் தீராவிட்டால் இருட்டறையில் வெளிச்சம் கசிகிறது.

வால்நட்சத்திரம் போன்ற கோடு விழுந்தால் தூசு. கொலோடியன் பாட்டிலின் வாயில் காய்ந்த தோல் உதிர்ந்து விழுவதே பெரும்பாலும் காரணம். விளிம்பில் சிப்பி வடிவக் கறை தோன்றினால் பிளேட் ஹோல்டரின் (கேமராவில் பிளேட்டைப் பிடிக்கும் சட்டம்) மூலையில் பழைய வெள்ளிக் கரைசல் தேங்கியிருக்கிறது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் துடையுங்கள். பிளேட்டின் பின்புறத்தையும் துடைக்க மறக்க வேண்டாம். டெவலப்பர் தயங்கி நின்ற இடத்தில் கோடு விழும். அதற்கு மருந்து ஆல்கஹாலைச் சற்றுக் கூட்டுவது. குளியல் பழசாகும்போது அதில் ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்துகொண்டே வருவதால் டெவலப்பரிலும் ஆல்கஹால் ஏற வேண்டியிருக்கும்.

கழுவும்போது படலம் தோலாக உரிந்து வந்தால் குற்றம் கண்ணாடியைச் சுத்தம் செய்ததில்தான்.

அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தனித் தொல்லை. ஈதரின் கொதிநிலையே சுமார் 34.6 டிகிரி. கூழ் ஊற்றும்போதே இறுகி அலையலையாக நிற்கும், டெவலப்பர் நொடியில் பாயும். ஆல்கஹால் பங்கு கூடிய கொலோடியன், அமிலம் கூடிய டெவலப்பர், குளிர்ந்த குளியல் என்று மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கேமரன் பிளேட்டுகளிலும் கறையும் கீறலும் தெரிகிறதே?

தெரிகிறது. விரல் தடம், டெவலப்பர் சுழி, உரிந்த ஓரம் எதையும் அவர் பெரிதாக மறைக்கவில்லை. ஆனால் 1869 வாக்கில் நெகட்டிவ் படலங்களில் தேன்கூடு போல வெடிப்பு விழத் தொடங்கியபோது கலங்கிப்போய் லண்டன் புகைப்படச் சங்கத்தில் ஆலோசனை கேட்டார்.

நிலைநிறுத்த ஹைப்போவா, பொட்டாசியம் சயனைடா?

ஹைப்போ. சயனைடு வேகமாகத் தெளியவைக்கும், எளிதில் கழுவிப்போகும், தொனியும், அதாவது படத்தின் நிறச் சாயலும், சற்றுப் பழுப்புப் பக்கம் வரும். அதனால் அக்காலத்தில் பலர் அதையே விரும்பினார்கள். கேமரனும் கையில் வழியவழியப் பயன்படுத்தினார். ஹெர்ஷல் அந்தக் கொடிய விஷத்தில் கவனமாக இருக்கும்படி கெஞ்சிக் கடிதம் எழுதினார். ஃபெரஸ் சல்ஃபேட் டெவலப்பரில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது சரியாகக் கழுவப்படாமல் சயனைடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். வீட்டில் செய்பவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். 20 சதவீத ஹைப்போ கரைசல் போதும், கழுவும் நேரத்தை மட்டும் கூட்டுங்கள்.

சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண் கவசம் இல்லாமல் குளியல் அருகே போகக் கூடாது. வார்னிஷுக்குப் பிளேட்டைச் சூடாக்கும் ஸ்பிரிட் விளக்கு எரியும் அறையில் ஈதர் பாட்டில் திறந்திருக்கவே கூடாது.

நெகட்டிவிலிருந்து தாளுக்கு எப்படி வந்தது?

முட்டை வெண்கருத் தாள், அதாவது அல்புமின் பிரிண்ட். உப்புச் சேர்த்து நுரைக்க அடித்துத் தெளிந்த வெண்கருவில் மெல்லிய தாளை மிதக்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு 10–12 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டு, உலர்த்தி, நெகட்டிவோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டுவார்கள். பெரிதாக்குவது கிடையாது. தாளில் தெரியும் அளவே பிளேட்டின் அளவு. அதனால்தான் ஹெர்ஷல் படத்தின் நல்ல பிரதிகள் 36 × 28 செ.மீ. பக்கம் இருக்கின்றன. தேவைக்கு மேல் கொஞ்சம் கறுக்கவிட்டு எடுத்து, தங்கக் குளோரைடில் தொனியேற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்திக் கழுவுவார்கள். தங்கம் ஏற ஏறச் செம்பழுப்பு ஊதாப் பழுப்பாகும்.

பழைய பிரதிகள் ஏன் மஞ்சளாகி மங்குகின்றன?

பெரும்பாலும் கழுவலில் வைத்த மிச்சம். ஹைப்போ போதிய அளவு இருந்தால் வெள்ளி, நீரில் கரையும் கூட்டு அயனியாகி வெளியேறும். பழைய, களைத்த ஹைப்போவில் அது பாதியில் நின்று, கரையாத சேர்மமாகத் தாளுக்குள் தங்கிவிடும். அது பின்னால் சிதைந்து சில்வர் சல்ஃபைடு ஆகும். வெள்ளைப் பகுதியில் பழுப்பு மஞ்சள். வெண்கருவின் கந்தகமும் சேர்ந்துகொள்ளும். இதைத் தடுக்கவே அடுத்தடுத்து இரண்டு ஹைப்போ தொட்டி: முதலாவது பெரும்பகுதியைக் கரைக்கும், புதிதான இரண்டாவது மிச்சத்தை அள்ளும். ஈரமான காற்று எல்லாவற்றையும் துரிதப்படுத்தும்.

என்னிடம் உள்ள பிரதி அசலா?

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி எடுங்கள். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அச்சகப் பிரதி, மேலே போக வேண்டாம். புள்ளியில்லாமல், மினுக்கும் மெல்லிய படலமும் அதற்கு அடியில் தாள் நாரும், நுண்ணிய வெடிப்பும் தெரிந்தால் அல்புமின். இருண்ட பகுதி லேசாக மேடிட்டு, நார் தெரியாமல், கொஞ்சமும் மங்காமல் இருந்தால், வெள்ளிக்குப் பதில் நிறமியால் ஆன கார்பன் பிரிண்ட். 1870-களில் ஆட்டோடைப் நிறுவனம் கேமரன் படங்களை அப்படி வெளியிட்டது. ஒழுங்கற்ற நுண்மணிகளாகத் தெரிந்தால் ஃபோட்டோகிராவ்யூர், அதாவது செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து மையால் எடுத்த அச்சு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் ‘கேமரா வொர்க்’ இதழ் 1913-இல் வெளியிட்ட பக்கமாக இருக்கலாம்.

அட்டையில் மையால் ‘ஃப்ரம் லைஃப்’ (நேரில் எடுத்தது) என்ற வரியும் கையெழுத்தும், விற்பனையாளர் கோல்நாகியின் அழுத்து முத்திரையும் இருந்தால் நல்ல அடையாளம். ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், தாளைப் பாருங்கள். அசல் தாள் சுருண்டுகொள்ளும் அளவு மெல்லியது. அட்டையில் ஒட்டியே இருக்கும். அட்டையை விட்டுப் பிரிக்க முயல வேண்டாம்.

எப்படிப் பாதுகாப்பது?

அமிலமற்ற உறை, குளிர்ந்த இருட்டு, ஈரப்பதம் 30–50 சதவீதம். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், அதுவும் சில வாரங்கள் மட்டும். பிளாஸ்டிக் பவுச், லேமினேஷன், செலோடேப் எதுவும் ஆகாது.

இந்தப் படம் ஒன்றுதானா?

இல்லை. அந்த 1867 அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளேட்டுகள் எடுத்தார். ஒன்றில் தலையில் மென்மையான கறுப்புத் தொப்பி, காதோரம் முடி பிதுங்கி நிற்கும். மற்றொன்றில் வெறும் தலை. ‘தொப்பி நீக்கப்பட்ட படம்’ என்று சிலர் எழுதுவது தவறு. இரண்டும் தனித்தனி நெகட்டிவ். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி, லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் ஆகியவற்றில் பிரதிகள் இருக்கின்றன. கேமரன் 1864-இல் ஹெர்ஷலுக்குப் பரிசளித்து 1867-இல் மேலும் படங்கள் சேர்த்த ஆல்பம், 1970-களில் பிரிட்டனைவிட்டுப் போகவிருந்து, நிதி திரட்டித் தடுக்கப்பட்டது.

கேமரனுக்கு இலங்கையோடு என்ன தொடர்பு?

கணவர் சார்லஸ் ஹே கேமரன், இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்தார். 1875-இல் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். களுத்துறையில் இருந்தபோது ஜூலியா எடுத்த, உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் இடம்பெறும் சில படங்கள் எஞ்சியிருக்கின்றன. தமிழர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஹெர்ஷலுக்குப் பெயர் இருக்கிறது, இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் குறிக்கப்படவில்லை. ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயா பகுதியில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில்.

பாடநூலிலோ கட்டுரையிலோ இந்தப் படத்தைப் பயன்படுத்தலாமா?

படைப்பு காப்புரிமைக் காலத்தைத் தாண்டி வெகுநாளாகிறது. மெட்ரோபாலிடனும் கெட்டியும் தங்கள் கோப்புகளைத் தடையின்றித் தருகின்றன. பிற இடங்களில் எடுத்தால் அந்தந்த நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள். முழு அளவில் அச்சிட 4250 × 3300 பிக்சல் அளவுள்ள கோப்பு வேண்டும். பழுப்புத் தொனியை நீக்கிச் சாம்பலாக்க வேண்டாம். ‘ஷார்ப்பன்’ அழுத்தினால் தாளின் நாரும் கறையும்தான் கூர்மையாகும். படக்குறிப்பில் இவ்வளவு இருந்தால் போதும்: சர் ஜான் ஹெர்ஷல், ஏப்ரல் 1867, புகைப்படம்: ஜூலியா மார்கரெட் கேமரன், கண்ணாடி நெகட்டிவிலிருந்து அல்புமின் பிரிண்ட், பிரதி உள்ள அருங்காட்சியகத்தின் பெயர்.